யார் வீட்டு ரத்தம்

மருத்துவமனை ஜன்னல் வெயிலில், மாமியார் கொண்டுவந்த பீட்ரூட் சாறு கண்ணாடிப் புட்டிக்குள் செக்கச்செவேலென்று மினுங்குகிறது. மகன் வெளுத்துப்போய்த் திரிவதற்கு மருமகளின் சமையல்தான் காரணம் என்று பன்னிரண்டு வருடமாக அவர் பாடும் பாட்டுக்கு அந்தச் சாறுதான் பக்கவாத்தியம். மகனின் ரத்த அறிக்கையை டாக்டர் புரட்டுகிறார். "இரும்புச்சத்து நிறையவே இருக்கும்மா. சிவப்பணுதான் பொடிசு. இது சாப்பாட்டால வர்றதில்ல, பெத்தவங்ககிட்டேருந்து வர்றது." மருமகள் உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். "அப்ப இவரு வழிதான்," என்று மாமியார் பக்கத்தில் இருக்கும் கணவரைக் கைகாட்டுகிறார். "அவருக்கு நேத்தே பாத்தாச்சு, ஒண்ணுமில்ல," என்கிறார் டாக்டர். மாமனார் அவசரமாகக் கூரையைப் பார்க்கிறார், மின்விசிறி கிறீச்சிடுகிறது. மாமியார் வளையலை மேலே தள்ளிக்கொண்டு மெல்லக் கையை நீட்டுகிறார். ஊசி ஏறும்போது மருமகள் குனிந்து, ரொம்பப் பரிவாகக் கேட்கிறாள்: "ஏன் அத்தை, உங்கம்மா உங்களுக்குச் சரியா சமைச்சுப் போடலையோ?"