ஒரு வீட்டுக்கு மூன்று

பொன்னையன் மாமா வீட்டில் இருப்பது இரண்டு கம்ப்யூட்டர். அவர் என்னிடம் வாங்கியது மூன்றுக்கான லைசென்ஸ்.

ஒன்றில் அவர் பத்திரம் டைப் செய்வார். இன்னொன்றில் செல்லபாய் மாமி சபை மாதர் சங்கத்துக்கு நோட்டீஸ் அடிப்பாள். மூன்றாவதைத் தேடி என் கண் அந்த வீட்டை இரண்டு சுற்று சுற்றிவிட்டது. அலமாரி மேலேகூட இல்லை.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் குணம் எனக்கு உண்டு. பாறசாலையில் கம்ப்யூட்டர் கடை போட்டு, வீடு வீடாய்ப் போய்ச் சரிசெய்து கொடுக்கும் தொழிலுக்கு நான் வந்ததில் பாதிக் காரணம் அதுதான்.

இரண்டிலும் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏறிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லைசென்ஸ் நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு பக்கம். ஊரே படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டிவிட்டுப் போகிற சமாசாரத்தை அவர் பிரிண்ட் எடுத்து வைத்து, பென்சிலால் வரிக்கு வரி கோடு போட்டிருந்தார். நாற்பது வருடமாக நிலப் பத்திரம் எழுதுகிற கை சும்மா இருக்குமா?

"மக்கா, ஒரு வீட்டுல உள்ள மூணு கம்ப்யூட்டருக்குண்ணு போட்டிருக்கான். ஒரு வீடுண்ணா எதாக்கும்? கதவு நம்பரா, அடுக்களையா, ரேஷன் கார்டா?"

இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். ஹாலின் நடுவே ஒரு செங்கல் சுவர். கூரை வரை எட்டாது, பூச்சும் கிடையாது.

அந்தப் பக்கம் மகன் ஜிஜினும் மருமகள் லிஜாவும். தனிக் கதவு நம்பர், தனி அடுக்களை, தனி ரேஷன் கார்டு. அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. காரணம் கேட்டால் அவர்கள் ஊரான தனுவச்சபுரத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். வீட்டைப் பிரித்த பாகப் பத்திரத்தை மாமாவே ஒரு கமா விடாமல் எழுதினார் என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள்.

மாமா குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். லிஜா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பழைய சிஸ்டத்தை வைத்துக்கொண்டு இனி ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழைய முடியாது, வெள்ளிக்கிழமை கடைசி என்று அவள் கம்பெனி சொல்லிவிட்டதாம். ஜிஜினுக்கு இப்போது வேலை இல்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த அடுப்பு எரிகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் மனிதர்.

"நீ அங்கயும் ஏத்திட்டு வா. நான் தந்தேண்ணு மட்டும் பறயாத, கேட்டியா?"

"அப்போ நிபந்தனை, மாமா?"

நிபந்தனை மீறுவது அவருக்குக் கள்ளக் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். முகமும் அப்படித்தான் வெளுத்துப் போயிருந்தது. இருந்தும் போ என்று கையைக் காட்டினார்.

ரோடு வழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். ஜிஜின் கதவைத் திறந்தான். கடையில் ஒரு லைசென்ஸ் மிச்சம் கிடக்கிறது, லிஜாவுக்கு உதவுமே என்று கொண்டுவந்தேன் என, வழியில் தயார்செய்த பொய்யை எடுத்துவிட்டேன்.

அவன் லிஜாவின் கம்ப்யூட்டரைக் காட்டினான்.

அதில் ஏற்கெனவே புது சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்கு முன்பு ஏற்றியது. வேலை போய்விடுமே என்று சத்தம் போட்டுப் பேசியவர்கள், நல்ல செய்தியை மட்டும் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. என் கடையை விட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கியிருக்கிறானே என்று எனக்குச் சுருக்கென்றது. பிறகுதான் லைசென்ஸ் விவரத்தைப் பார்த்தேன்.

அனுமதி மூன்று. பயன்பாட்டில் ஒன்று.

அந்த வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர்தான்.

"அந்தப் பக்கம் உள்ள ரெண்டும் பழசாக்கும், சேச்சி. நீங்க போய் ஏத்திக் குடுங்க. நான் தந்தேண்ணு மட்டும் பறயண்டாம்" என்றான் மெல்ல.

மூன்று நாளாக ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். போனை நீட்டினான். சிஸ்டம் விற்ற கம்பெனிக்கு மெயில் அனுப்பியிருக்கிறான். நடுவில் சுவர் கட்டிய வீடு ஒரு வீடா, இரண்டு வீடா? பதில் வராமல் தொடக்கூடாது என்று காத்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரகசியம் காப்பது எனக்கு என்றைக்கு வந்திருக்கிறது?

"எடா, உன் அப்பாவும் மூணுக்குள்ளதத்தான் வாங்கி வச்சிருக்காரு!"

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. காகிதங்கள் புரண்டன. ஒரு இருமல்.

"எலே ஜிஜினே, பில்லு கைல உண்டா? ஏழு நாளுக்குள்ள ஒண்ணத் திருப்பிக் குடுக்கலாம். எட்டாம் பக்கத்துல போட்டிருக்கான்."

மூன்று வருடத்தில் அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு இது.

ஜிஜின் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். லிஜா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எதத் திருப்பிக் குடுக்கது அப்பா? உங்களுக்குள்ளதயா, எனக்குள்ளதயா?" என்று கேட்டான்.

பதிலுக்கு அந்தப் பக்கம் வாசல் கதவு திறக்கும் சத்தம்தான் கேட்டது.

"சட்ட போடாம எங்க போறிய?" என்று அங்கே செல்லபாய் மாமி கேட்டாள்.