இலந்தைக்கிணறு ஸ்டாப்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கூமாப்பட்டி போகும் டவுன் பஸ் இலந்தைக்கிணற்றில் நிற்கிறது. மேற்கு மலையில் சாய்ந்த வெயில், ஜன்னல் கம்பிகளுக்குள் புகுந்து, ஆவுடையம்மாள் மடியில் வைத்திருக்கும் தக்காளிக் கூடையில் வரிவரியாக விழுகிறது. விற்காமல் மிஞ்சிய பழங்கள். "மில்லு கேட்டு! மில்லு கேட்டெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறான். அவள் அசையவில்லை. "ஊர்ப் பேரச் சொல்லு, எறங்குதேன்." "இதுதாம்மா ஊரு." "மில்லு நேத்து வந்தது. எங்க வீட்டுக்காரரோட பாட்டன் பாறைய ஒடைச்சுக் கெணறு வெட்டுன பொறவுதாம்லே இங்க மனுசன் குடியேறினான். ஓடைக்கு அந்தப் பக்கம் அம்புட்டு வீடு நிக்குதே, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" கிணறு இப்போது மில்லின் காம்பவுண்டுச் சுவருக்குள் கிடக்கிறது. சுவருக்கு மேலே இலந்தை மரத்தின் உச்சி மட்டும் தெரிகிறது. அதன் இலைகளிலும் பஞ்சுத் தூசி அப்பியிருக்கிறது. டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்துகிறார். பின்சீட்டில் எவனோ சிரிக்கிறான். பஸ் கூமாப்பட்டிக்கே போனாலும் போகட்டும், அவள் எழுந்திருக்கப் போவதில்லை. முன்வாசலில் எப்போதோ இறங்கிவிட்ட அவள் புருஷன் ஐயாதுரை, அந்தக் கிணறு வெட்டியவரின் பேரன், மில் வாட்ச்மேனின் காக்கிச் சட்டையோடு ஜன்னலுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்க்கிறார். "ஏட்டி, மில்லு கேட்டு வந்துட்டுல்லா? எறங்கு, டூட்டிக்கு நேரமாச்சு." ஆவுடையம்மாள் கூடையிலிருந்து நன்றாகப் பழுத்த ஒரு தக்காளியை எடுக்கிறாள். கண்டக்டர் பதறி விலகுகிறான். அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே, காக்கிச் சட்டை மேல் இருக்கிறது.