குழாயடியில் சோப்பு நுரை

இரவு முழுக்க மில்லில் மிஷின் முன்னால் நின்ற முத்துமணிக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. பனி விலகாத காலையில், லைன் வீட்டுப் பொதுக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்குகிறது. வீட்டுக்காரர் மகள் ரேவதி தன் குடம் நிரம்பியதும், அடுத்திருந்த ஒடிசாக்காரி சபித்ரியின் பக்கெட்டைக் காலால் கடைசிக்குத் தள்ளுகிறாள். “உங்களையெல்லாம் பொறுத்துக்கிட்டு இங்க இருக்கவுட்டதே பெருசு. இதுல வரிசை வேற கேக்குதா?” சபித்ரியின் மகள் தலையெல்லாம் சோப்பு நுரையோடு, கண்ணை இறுக்கி மூடி நடுங்குகிறாள். சபித்ரி வழக்கம்போலச் சிரிக்கப் பார்க்கிறாள், வாய் கோணிக்கொள்கிறது. “முத்தக்கா, நீங்க பாத்தீங்கல்ல? எனக்கு அப்புறம்தான நீங்க?” முத்துமணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யாரோடும் வம்புக்குப் போகாதவள் என்று லைன் முழுக்க அவளுக்கு நல்ல பேர். “விடு சபித்ரி, அனுசரிச்சுப் போ” என்றபடி தன் பக்கெட்டைக் குழாய்க்கடியில் வைக்கிறாள். அது நிரம்பியதுமே குழாய் இருமிவிட்டு நின்றுபோகிறது. “அம்மா, கண்ணு எரியுது” என்று குழந்தை தமிழில் அழுகிறது. சபித்ரி முந்தானையால் நுரையைத் துடைக்கிறாள். ரேவதி இடுப்பில் குடத்தோடு நின்று பார்க்கிறாள். முத்துமணி தலையைக் குனித்துக்கொண்டு, தளும்பும் பக்கெட்டோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். அந்த ஒரு பக்கெட் தண்ணீர் சபித்ரிக்குச் சேர வேண்டியது.