இந்த வீட்டு வரலாற்றில் இன்று

சமையலறைச் சுவரில் பதித்த பேசும் திரை தினமும் காலையில் ‘வரலாற்றில் இன்று’ சொல்லும். போர்கள், கண்டுபிடிப்புகள், பிறந்தவர்கள். இந்த மாதத்திலிருந்து, பிறப்பு இறப்புப் பதிவேடுகளைப் பார்த்து, அந்தந்த வீட்டு வரலாற்றையும் சேர்த்துக்கொண்டிருந்தது.

“ஒன்பது வருடங்களுக்கு முன் இதே நாளில் ஆதிரை பிறந்தாள். அவளுடைய அப்பா மாசிலாமணி இறந்தார்.”

செண்பகத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. இத்தனை வருடமும் கணவருக்குத் திதி பார்த்துத்தான் படையல் போட்டாள். திதி வேறு நாளில் வரும். ‘அப்பனை முழுங்கினவள்’ என்ற பேச்சு மகள் காதில் விழக்கூடாதென்று அவர் இறந்த தேதியை யாரிடமும் சொன்னதில்லை.

“நான் பொறந்ததாலதான் அப்பா செத்தாராம்மா?”

“இல்லடி. நோயில கெடந்தவரு, உன்னப் பாக்கத்தான் உயிரப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. கண்ண மூடுற வரைக்கும் உன்ன மடிய விட்டு எறக்கவே விடல.”

ஆதிரை சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“அதையும் சேத்துச் சொல்லு.”