கடைசி முள்

“மார்ச் 9, ஞாயிறு. அவசரப்பட்டு இழுத்தது என் தவறு. பாசியில் சிக்கிய தூண்டில் நரம்பு அறுந்து, அப்பா கட்டி வைத்திருந்த கடைசி முள் ஏரியில் போய்விட்டது.”

நோட்டில் அதற்கு மேல் எழுத அவனுக்குக் கை வரவில்லை. அப்பா இறந்த இந்த ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் தனியாக ஏரிக்குப் போகிறான். பிடித்த மீனை அப்பாவைப் போலவே திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவான். முள்ளில் இருக்கும் அந்த ஏழு சுற்று முடிச்சைத் தொட்டால், அப்பாவின் விரலைத் தொடுவது போலிருக்கும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். “என்னடா, இன்னைக்கு மீன் உன்னைப் பிடிச்சிடுச்சா? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?”

“அப்பா கட்டின கடைசி முள்ளும் போச்சும்மா. எனக்கு அந்த முடிச்சு வரவே மாட்டேங்குது.”

அம்மா தூண்டில் பெட்டியைத் திறந்து ஒரு புது முள்ளில் நரம்பைக் கோத்தாள். ஏழு சுற்று, எச்சில் தொட்டு ஒரே இழுப்பு. அதே முடிச்சு.

“உனக்கு எப்படிம்மா...?”

“கடைசி ரெண்டு வருஷம் உங்கப்பாவுக்குக் கை நடுக்கம்டா. சனிக்கிழமை சாயங்காலம் நான்தான் கட்டிக் கொடுப்பேன். ‘பையன்கிட்ட சொல்லிடாதே’ன்னு சத்தியம் வேற வாங்கிட்டார் மனுஷன். இப்பவும் சனிக்கிழமை வந்தா கை பரபரங்குது.”

கட்டிய முள்ளை அவனிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் நோட்டை மறுபடி எடுத்தான்.

“முடிச்சை நான் கற்றுக்கொள்ளப் போவதில்லை. நாளை மாலை வகுப்புக்குப் போகும் வழியில், அம்மாவின் சனிக்கிழமைகளுக்கு இரண்டு டஜன் முள் வாங்க வேண்டும்.”