தானாகப் போன மெசேஜ்

"இந்தக் கம்பெனிக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா, கிரவுண்டை இருபது சுத்து ஓட விடுவேன்!"

கண்ணாடி மேஜை மேல் செல்போன் 'டொக்'கென்று வந்து விழுந்தது. ரிப்பேர் கடை மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பெண்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் பிள்ளைகளை மைக் இல்லாமல் வரிசையில் நிறுத்துகிற குரல், அந்தப் பெட்டிக்கடை அளவு இடத்துக்கு ரொம்பவே அதிகம்.

மெக்கானிக்குக் காலையிலிருந்தே தலைவலி. புது அப்டேட் வந்தாலும் வந்தது, ஊரே அவர் கடை வாசலில்தான் நின்றது. ஒருவருக்கு ரிங்டோன் காணோம். இன்னொருவருக்கு சார்ஜ் மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எங்கேயோ ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒரு பட்டனைத் தட்டிவிடுவான், வாங்கிக் கட்டிக்கொள்வது மட்டும் இவராம். இது எந்த ஊர் நியாயம்?

"உங்களுக்கு என்ன பிரச்சினை டீச்சர்?"

"என்ன பிரச்சினை இல்லைன்னு கேளு! எழுத்தெல்லாம் எறும்பு சைஸுக்கு ஆயிடுச்சு. அலாரம் அடிக்கலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல முதல் தடவையா இன்னிக்கு அசெம்பிளிக்கு லேட்டு. பிள்ளைங்க முன்னாடி எச்.எம். என்னை ஒரு பார்வை பார்த்தாங்க பாரு, மானமே போச்சு!"

"அதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை டீச்சர். சரி பண்ணிடலாம்."

"அதெல்லாம் கிடக்கட்டும். இதுக்கு என்ன சொல்றே?"

மெசேஜ் பக்கத்தைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார் டீச்சர். 'புதன்கிழமை காலை ஏழு மணிக்கு இதய ஆபரேஷன். எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்' என்று யாரோ அனுப்பியிருந்தார்கள். கீழே டீச்சரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை, 'வரட்டுமா?' அதற்கு வந்த பதிலோ ஒரே எழுத்து. 'வா.'

"நாளைக்கா ஆபரேஷன்? யாருக்கு டீச்சர்?"

"எங்க அக்காவுக்கு. கூடப்பிறந்தவ. ஒன்பது வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. சொந்தக்காரங்க அத்தனை பேரையும் வச்சுக்கிட்டு, 'ஒண்ணாவது பெத்திருந்தாத்தானே உனக்கு அந்த அருமை தெரியும்'னு கேட்டவ. இனி செத்தாலும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வந்தவ நான். அவளுக்குப் போயி, என்னை ஒரு வார்த்தை கேக்காம, இந்தச் சனியன் மெசேஜ் அனுப்பியிருக்கு! காலையில எந்திரிச்சுப் பார்த்து எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "புது அப்டேட்ல, வர்ற மெசேஜுக்கு என்ன பதில் போடலாம்னு அதுவே எடுத்துக் குடுக்கும். தெரியாம உங்க கை பட்டிருக்கும்."

"என் கை படவே இல்லை! பேசாம உன் கடை லெட்டர்பேடுல எழுதிக் குடு. 'அப்டேட் கோளாறுல இந்தப் போன் தானாவே மெசேஜ் அனுப்பிடுச்சு, டீச்சருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை'ன்னு. கையெழுத்து போட்டு, சீல் வச்சுக் குடு."

மெக்கானிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சீல் வைக்க இது என்ன கவர்மென்ட் ஆபீஸா? பிடிக்கலைன்னா போகாம இருந்துடுங்க. அவ்வளவுதானே?"

"அதெப்படி? வரட்டுமான்னு கேட்டுட்டு வராம ஏமாத்திட்டான்னு அவ ஊரெல்லாம் சொல்றதுக்கா? போவேன். போய் அந்த லெட்டரை அவ கட்டில் மேல விசிறி அடிப்பேன். 'நானா ஒண்ணும் வரலை, இந்தப் போன் பண்ணின கூத்து'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் வருவேன்."

"அதை ஒரு மெசேஜ்லயே சொல்லிடலாமே டீச்சர்?"

"நேர்லதான் சொல்லணும்!" விசில் ஊதாத குறைதான். தெருவில் போன இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள். "ஆறு மணிக்கு மேல ஆஸ்பத்திரியில யாரையும் உள்ள விட மாட்டாங்க. இப்பவே அஞ்சேகால். எழுதுவியா, மாட்டியா?"

இனி இந்த அம்மாவிடம் மல்லுக்கட்ட முடியாது என்று மெக்கானிக்குத் தெரிந்துவிட்டது. லெட்டர்பேடை எடுத்து வைத்தார். ஆனாலும் நாளைக்கு யாராவது வந்து கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்ளப் போவது அவர் கையெழுத்துதானே? எழுதுவதற்கு முன்னால் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினார். ஒரு நிமிஷம் திரையையே உற்றுப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இதுல அப்டேட் ஆனதே இன்னிக்குக் காலையில அஞ்சு பத்துக்குத்தான். நீங்க காட்டின மெசேஜ் போனது நேத்து சாயங்காலம் ஆறு நாப்பதுக்கு. அப்புறம் எப்படி அப்டேட் மேல பழி போடறீங்க?"

டீச்சர் போனைப் பார்க்கவில்லை, பேனாவை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தார்.

"தெரியும்ப்பா, அடிச்சது நான்தான். நீ அப்டேட் நேத்தே ஆச்சுன்னு போட்டு எழுதிக் குடு, அந்தக் காகிதம் கையில இல்லாம என்னால அவ முன்னாடி போய் நிக்க முடியாது."