தானா நின்ன காரு

"நானா போயி அவ எதிர்ல நின்னேன்னா என் பேரு முருகையன் இல்ல!"

விழுப்புரத்தில் காரைக் கிளப்பும்போதே முருகையன் குதித்தார். பக்கத்து சீட்டில் மகள் அஸ்வினி. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். திண்டிவனத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுக்கத்தான் அப்பனும் மகளும் விடியற்காலையில் புறப்பட்டிருந்தார்கள்.

"அத்தை வராம எனக்கு என்னா கல்யாணம்ப்பா?"

"என் வாசல்ல மண்ணை வாரித் தூத்தினவ. ஆறு வருஷம் ஆச்சு. அத்தையாம் அத்தை!"

நடந்தது இதுதான். அம்மா செத்தப்போ அக்கா அஞ்சம்மாளுக்கு முருகையன் சேதி சொன்னது லேட்டு. அவள் அடிச்சுப் புடிச்சு வந்து சேர்வதற்குள் எடுத்தாச்சு. பெத்தவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத ஆத்திரத்தில்தான் மண்ணை வாரினாள். தப்பு யார் மேல? அதை முருகையனிடம் கேட்க ஊரில் யாருக்குத் தைரியம் இருக்கு!

கார் புத்தம் புதுசு. குறுக்கே ஏதாவது வந்தால் அதுவே பிரேக் போட்டுவிடும். முருகையனுக்கு அதில் பாதி பெருமை, பாதி பேஜாரு. முண்டியம்பாக்கத்தில் ஓர் ஆட்டுக்கு நின்றது. டோல்கேட்டில் குறுக்கே பூந்த பைக்குக்கு நின்றது.

"என்னைக் கேக்காம அதுபாட்டுக்கு நின்னுக்கினு இருக்குதே! நான் காரை ஓட்டறனா, காரு என்னை ஓட்டுதா?"

அஸ்வினி சிரித்தாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் மார்கழிப் பனி வந்து மூடிக்கொண்டது. ரோடு எது, ஏரி எது, ஒண்ணும் தெரியவில்லை. லாரி வெளிச்சங்கள் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வந்து எங்கேயோ மிதந்து போயின. ரேடியோவில் யாரோ தூக்கத்தில் பாடுகிற மாதிரி பாடினார்கள்.

ஸ்டியரிங்குக்கு முன்னால் சின்னதாய் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அஸ்வினி எட்டி அதன் பக்கத்தில் வந்த இங்கிலீஷைப் படித்தாள்.

"என்னாம்மா சொல்லுது?"

"பனின்னு சொல்லுதுப்பா. பார்த்து மெதுவாப் போ."

அடுத்தது கூட்டேரிப்பட்டு. அஞ்சம்மாள் வாக்கப்பட்ட ஊர் அங்கேதான் பக்கத்தில். எப்பவும் அந்த இடம் வந்தால் முருகையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரட்டுவார். இன்றைக்கு எங்கே விரட்டுவது? சர்வீஸ் ரோட்டில் இறங்கி ஊர்ந்தார்.

பஸ் ஸ்டாப் ஓரமாய் பனிக்குள் ஒருத்தி நின்றிருந்தாள். தலையில் முக்காடு. இடுப்பில் கூடை. கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு...

அம்மா!

செத்துப்போன அம்மா எப்படி வருவாள்? வந்திருந்தாள். முருகையனுக்கு வயசெல்லாம் கழண்டு போன மாதிரி இருந்தது. பாட்டும் காதில் விழவில்லை, பனியும் தெரியவில்லை.

கார் நின்றிருந்தது.

உருவம் கிட்டே வந்து ஜன்னலில் குனிந்தது. "திண்டிவனம் போவுதாங்க?"

அம்மா இல்லை. அஞ்சம்மாள்.

தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப் போனது. முருகையன் முந்திக்கொண்டார்.

"நான் ஒண்ணும் நிறுத்தல. இந்தக் காரு தானா நின்னுடுச்சு. ஆட்டுக்குக்கூட நிக்கும் அது!"

"அப்ப காருதான கூப்பிடுது. நான் ஏறிக்கிறேன். உன்னை யாரு கேட்டா?"

பின்கதவைத் திறந்து கூடையோடு ஏறிக்கொண்டாள். கூடையில் வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலை வாசனை கார் முழுக்கப் பரவியது. அஸ்வினிக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். "காரு ஓட்டறவனுக்கும் ரெண்டு குடு" என்றாள்.

முருகையன் வாங்கிக்கொண்டார்.

"காருக்கு இருக்கற ஈவு இரக்கம் மனுசனுக்கு இல்லியே" என்றாள் அஞ்சம்மாள்.

முருகையன் திரும்பவில்லை. "நீ அம்மா மாதிரியே ஆயிட்டக்கா" என்றார். "அன்னிக்கு உனக்கு மொதல்ல சேதி சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு."

பின் சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது. முன் சீட்டில் அஸ்வினி வெளியே பார்த்துக்கொண்டாள்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அஞ்சம்மாள் இறங்கினாள்.

"தை மாசம் பாப்பாவுக்குக் கல்யாணம்க்கா."

"காரு வந்து கூப்பிட்டா வர்றேன். நீ கூப்பிட்டு வரல!"

சொல்லிவிட்டு, முன்னால் வந்து பானெட்டைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இரு சாமி!"

கூடை கூட்டத்தில் மறையும் வரை முருகையன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு மகளிடம் திரும்பினார்.

"பார்த்தியாம்மா? நானா போயி நிக்கல. எல்லாம் காரு பண்ண வேலை. குடுத்த காசுக்கு இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு பிரேக் போட்டுச்சு."

அஸ்வினி அந்த மஞ்சள் விளக்கைக் காட்டினாள். அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"காருக்குப் பனியில கண்ணு தெரியாம, அது தானா போடற பிரேக்கு விக்கிரவாண்டியிலயே ஆஃப் ஆயிடுச்சுப்பா. அங்கேர்ந்து எல்லா பிரேக்கும் நீதான் போட்டுக்கினு வர்ற."